சேற்றில் என்னைப் புதைத்த மகளுக்கு

பிள்ளை,

முதலில் வெட்கக்கேடான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மேட்டில் கார் எடுக்கத் தெரியாது. எரிமலைகளுக்கு மேலே கட்டிய இந்த ஊரில் இத்தனை வருடம் குடியிருந்தும், ஏற்றத்தில் ஒரு சிவப்பு விளக்கைக் கண்டால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். யாழ்ப்பாணத்தில் நான் கண்ட ஆகப் பெரிய மேடு, ஒழுங்கையிலிருந்து வளவுக்குள் சைக்கிளைத் தூக்கி ஏற்றுகிற படிதான். ஒக்லாந்துக்கு வந்தவுடன் எல்லோரும் ஓட்டோ கியர் கார் வாங்கினார்கள். பெற்றோல் மிச்சம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு நான் மட்டும் கிளட்ச் உள்ள கார் வாங்கினேன். லைசென்ஸ் சோதனையைப் பாபடோயிட்டோயில் கொடுத்தேன்; அந்தப் பக்கம் மேடு என்றால் வேகத்தடைதான். வீடு எடுத்ததோ மவுண்ட் ஆல்பர்ட்டில், பெயரிலேயே மலை. நீ பாலர் வகுப்புக்குப் போன காலத்தில் ஒருநாள் எங்கள் தெரு ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. கிளட்சை விட்டால் இருமுகிறது, பிரேக்கை விட்டால் பின்னால் உருள்கிறது. பின்னுக்கு நின்ற காரிலிருந்து ஒரு வயதான வெள்ளைக்காரர் இறங்கி வந்தார். ஒரு வார்த்தை ஏசவில்லை. கதவைத் திறந்து என்னை இறக்கிவிட்டு, நீயும் அம்மாவும் உள்ளே இருக்க, என் காரை உச்சிவரை ஓட்டிக்கொண்டுபோய் விட்டார். நான் பின்னால் நடந்து வந்தேன். கல்யாண வீடுகளில் மைக் பிடித்து ஊரையே சிரிக்கவைக்கிற மனிதன், தன் சொந்தக் காருக்குப் பின்னால், கையை வீசிக்கொண்டு, நல்ல வெயிலில்.

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. ஊரில் உள்ள எல்லோரையும் பற்றிச் சொன்ன எனக்கு என்னைப் பற்றிச் சொல்ல ஒரு தேவை வரவில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம் நீ. உன்னுடைய இலக்கியத்தின் ஊற்று இந்தக் கிளட்ச்தான் என்பது உலகத்துக்குத் தெரியவேண்டும். நீயாகச் சொல்வாய் என்று பார்த்தேன். நீ சொல்லவில்லை. ஆகவே இது அறிவுரைக் கடிதம் என்று நினைத்துவிடாதே. கல்யாணத்துக்கு நிற்கிற மகளுக்கு அப்பாக்கள் எழுதுகிற வழக்கமான புத்திமதிகள் இடையிடையே வரும், அதற்கு மன்னித்துக்கொள். இது பழிவாங்கல்.

உன் ஆங்கிலத் திகில்கதைப் புத்தகம் வெளிவந்த கிழமை பாபடோயிட்டோய் தமிழ்க்கடையில் உறைந்த முருங்கைக்காய்ப் பக்கெற்றைப் புரட்டிக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து பவானி அக்காவின் குரல். பவானி அக்காவை உனக்குத் தெரியும். ஒக்லாந்தில் ஒரு தமிழ் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் மற்ற வீடுகளுக்கு அடுப்பு அணையமுன்னம் செய்தி கொண்டுபோகிறவர். முகத்தில் செத்தவீட்டுச் சோகம். கண்ணில் மட்டும் கல்யாண வீடு.

“என்ன தம்பி, உம்மட மகள் உம்மைச் சேத்துக்குள்ள தாட்டுப்போட்டாளாம்?”

கதைதானே அக்கா என்றேன். “ஓம், கதைதான். ஆனா அந்த மனுசன் வாய்க்கு வாய் ‘ஒரு நிமிஷம்’ எண்டு விரலைத் தூக்குதாமே. எங்கட ஒக்லாந்தில வேற ஆர் தம்பி அப்பிடித் தூக்கிறது?” என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன். என்னையறியாமல் விரலைத் தூக்கிவிட்டேன். கடைக்காரப் பொடியன் கறிவேப்பிலையை நிறுக்கிற சாட்டில் திரும்பி நின்று சிரித்தான். இதுதான் என்னுடைய முதல் அறிவுரை: ஒருவரைக் கதையில் கொல்வதாக இருந்தால் பெயரை மாற்றினால் போதாது, பழக்கத்தையும் மாற்று. நான் முப்பது வருடமாக எழுதுகிற நகைச்சுவைப் பத்தியில் பவானி அக்கா எத்தனை தடவை வந்திருக்கிறார் தெரியுமா? மீசை வைத்து, வேட்டி கட்டி, ஒரு தடவை ஆடாகவும். அவருக்கு இன்றுவரை தெரியாது. அது தொழில்.

பிறகு உன் வெளியீட்டு விழா. அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி என்னை உன் பெரியப்பா என்று நினைத்து அன்பாகக் கதைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை ஆனந்தன்தான், மலேசியப் பிள்ளைகளுக்கே உரிய மரியாதையோடு, இவர்தான் அப்பா என்று அறிமுகம் செய்தார். அந்தப் பெண்மணி ஒரு அடி பின்னால் போய், என் காற்சட்டையை முழங்கால்வரை பார்த்து, நீங்கள் உயிரோடு இருப்பது எவ்வளவு சந்தோசம் என்றார். நான் நன்றி சொன்னேன். வேறு என்ன சொல்வது? அதையும் பொறுத்தேன். ஆனால் மேடையில் உன்னிடம் கேட்டார்களே, இந்தத் தட்டையான நிலம், மேடு பள்ளம் இல்லாத இந்தப் பயங்கரம், உங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று. நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சட்டைக் கொலரைச் சரிசெய்தேன். என் பெயர் வரப்போகிறது என்று அம்மாவின் கையைக்கூட இடித்தேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, தெரியவில்லை, கண்ணை மூடினால் அது அங்கே இருக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். கண்ணை மூடினால் இருக்குமாம். நான் எரித்த பெற்றோல் எல்லாம் எங்கே போனது?

அதுவும் போகட்டும். போன மாதம் பாட்டனி டவுன்ஸில் உங்கள் புது வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது, கல்யாணத்தில் நான் என்ன பேசலாம் என்று ஆரம்பித்தேன். நீ கோப்பையைக் கீழே வைத்தாய். “அப்பா, நோ ஸ்பீச். ப்ளீஸ்.” இந்த ஊரில் நடந்த தமிழ்க் கல்யாணம் எதிலும் நான் பேசாமல் பந்தி தொடங்கியதில்லை. மாப்பிள்ளைமார் என்னைக் கண்டு பயந்து முந்திய கிழமையே விஸ்கியோடு வந்து காலைப் பிடித்திருக்கிறார்கள். என் ஒரே மகளின் கல்யாணத்தில் நான் வாயைக் கட்டிக்கொண்டு பாயாசம் குடிக்கவேண்டும். அப்போ யார் பேசுவது என்று கேட்டேன். அம்மா என்றாய். அம்மாதான் உங்களைவிட நல்லாகக் கதை சொல்லுவா என்று ஆங்கிலத்தில் வேறு சொன்னாய். ஆனந்தன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஆமா அங்கிள், ஆன்ட்டி பேசினா நல்லாத்தான் இருக்கும்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. மைக்கைக் கண்டால் அதைத் துடைத்துத் திருப்பி மேசையில் வைக்கிற மனுசி உன் அம்மா. நான் ஒரு கதை சொல்லி முடிக்கும் நேரத்தில் அவள் சொல்வது “ம்” ஒன்றுதான். ஆனால் அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வரும்வரை நிற்கவில்லை. காரில் வரும்போதே வேறொன்றாக மாறிவிட்டது. அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் பழிவாங்கலின் அழகைப் பார். உன் புத்தகத்தை நான் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகவே இந்தக் கடிதத்தை நீ வாசிக்கமுன்னம் ஊர் முழுக்க வாசித்துவிடும். தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலர் உன் கல்யாணத்துக்கு முந்திய கிழமை வருகிறது, நடுப்பக்கம் எனக்கு. மண்டபத்துக்கு வருகிற ஒவ்வொருவரும் இதை வாசித்துவிட்டுத்தான் வருவார்கள். நான் மைக்கைத் தொடமாட்டேன். நீ கேட்டபடி ஒரு சொல் பேசமாட்டேன். நீ கூறைச்சேலையோடு நடந்து வரும்போது மேசைக்கு மேசை ஒரு சிரிப்பு ஓடும், அவ்வளவுதான்.

சரி, வழக்குக்கு வருகிறேன். அந்த வெள்ளைக்காரர் என் காரை மேட்டில் ஏற்றிவிட்ட நாளிலிருந்து நான் இந்த ஊரை உயரத்தால் அளக்கத் தொடங்கினேன். மற்றக் குடும்பங்கள் சனி ஞாயிறில் மலைக்குப் போய், கடல் தெரிகிற இடத்தில் நின்று படம் எடுத்தார்கள். நான் உங்களை ஏற்றிக்கொண்டு போனது தட்டையான இடங்களுக்கு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மாங்கரேயில் கடல் வற்றிக் கிடக்கிற சேற்றுவெளிக்கு. ஹவுராக்கி சமவெளிக்கு. ஹவுராக்கிக்குப் போகும் வழியில் குன்று இருக்கிறதே என்று நீ கேட்கலாம். அது மோட்டர்வே, அங்கே நிறுத்தத் தேவையில்லை. நிற்காமல் போனால் மேடு மேடல்ல. பிள்ளையாரை நினைத்துக்கொண்டு ஒரே மூச்சில் ஏறி இறங்கிவிடுவேன். வெளியே சொன்ன காரணம் நீதான்: வளைந்த ரோட்டில் போனால் பிள்ளைக்குச் சத்தி வரும். அது முழுப்பொய்யும் இல்லை. காரில் ஏறினாலே உனக்கு வயிற்றைப் பிரட்டும் என்று, வெளிக்கிடமுன்னம் அம்மா உனக்கு வாந்திக்கு ஒரு அரைக் குளிசை தருவாள்.

ஹவுராக்கியை நினைத்துப் பார். ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்ததை வாய்க்கால் வெட்டி வடித்து எடுத்த நிலம். ஸ்கேல் வைத்துக் கீறினதுபோல ரோட்டு. ரோட்டுக்குப் பக்கத்தில் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் மாடு, மாட்டுக்கு அப்பால் ஒன்றுமில்லை. குளிர்காலத்தில் பனிமூட்டம் இடுப்புயரத்துக்கு நிற்கும். மாடுகளுக்குக் கால் இருக்காது. தூரத்தில் ஒரு வீடு தெரியும். எவ்வளவு ஓடினாலும் அந்த வீடு கிட்ட வராது, பிறகு பார்த்தால் பின்னால் இருக்கும். கிட்ட வந்த நேரம் எது என்று ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை. எனக்கே அந்த இடத்தில் கொஞ்சம் உடம்பு கூசும். ஒளிந்துகொள்ள ஒரு மேடு இல்லாத இடத்தில் யாரோ பார்த்துக்கொண்டே இருப்பதுபோல இருக்கும். பகிடி விட்டுப் பார்ப்பேன். அந்த வெளியில் பகிடி எங்கேயும் பட்டுத் திரும்பிவராது. அம்மா முன்சீட்டில் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணாடியில் பார்த்தால் உன் நெற்றி மட்டும் தெரியும். ஜன்னலில் சாய்ந்து, ஒரு சொல் இல்லாமல், அந்த வெளி முழுவதையும் குடித்துக்கொண்டிருப்பாய். எனக்குப் பெருமையாக இருக்கும். மற்றப் பிள்ளைகள் இன்னும் எவ்வளவு தூரம் என்று அரிக்கிற வயதில் என் மகள் எப்படிப் பார்க்கிறாள் என்று நினைப்பேன். உன் புத்தகத்தில் ஒரு குடும்பம் நேர் ரோட்டில் போய்க்கொண்டே இருக்கிறது, அப்பா வழி கேட்க மாட்டேன் என்கிறார், தூரத்து வீட்டின் கொடியில் ஒவ்வொரு தடவையும் ஒரு சட்டை கூடுகிறது, கடைசியில் அது அவர்களுடைய சட்டைகள் என்று தெரிகிறது. அதை வாசித்து எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உடனே கோபம் வந்தது. அது என்னுடைய ரோட்டு.

இனிச் சேறு. ஒருநாள் மாங்கரேயில் கடல் வற்றிக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு, மேலே தாழப் பறக்கிற விமானம், கரையில் எங்கள் கார், காருக்குள் கடதாசியில் சுற்றிய சூடான சிப்ஸ். சேற்றில் பொட்டுப் பொட்டாக ஓட்டை தெரிந்தது. நண்டு. யாழ்ப்பாணத்தானுக்கு நண்டு ஓட்டையைக் காட்டிவிட்டு இரு என்றால் இருப்பானா? பொலித்தீன் பையை எடுத்தேன். சேறு எனக்குப் புதிதல்ல, களப்பில் நடந்து பழகிய கால் என்று அம்மாவுக்கு ஒரு பேச்சும் வைத்தேன். ஒரு நிமிஷம் என்று விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கிப் போனேன். எங்கள் களப்புச் சேறு மரியாதையான சேறு, கணுக்காலோடு விட்டுவிடும். இது முழங்காலைப் பிடித்தது. ஒரு காலை இழுத்தால் மற்றக் கால் தாழ்கிறது. தொடைவரை போனதும் திரும்பிக் காரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். காரிலிருந்து ஒரு அசைவும் இல்லை. கண்ணாடி மூடியிருந்தது, உள்ளே அம்மா பதறிக் கத்தியிருப்பாள், எனக்குக் கேட்கவில்லை. கடைசியில் கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மாவோரி மனிதர் கண்டு, படு, மட்டமாகப் படு என்று சைகையோடு கத்தினார். படுத்தேன். பல்லிபோல ஊர்ந்து வந்தேன். பையில் ஒரு நண்டு இருந்தது, சட்டைப் பொத்தான் அளவு. ஒரு சப்பாத்து இன்றும் அங்கேதான் கிடக்கிறது. அம்மா சீட்டில் பேப்பர் விரித்துத்தான் என்னை ஏற்றினாள். அது என் பத்தி வந்த மலர். சிப்ஸ் கடதாசி வெறுமையாக இருந்தது. வளர்கிற பிள்ளை, சாப்பிடட்டும் என்று நினைத்தேன்.

உன் கதையில் என்ன நடக்கிறது? ஒரு மனிதன் ஒரு நிமிஷம் என்று விரலைத் தூக்கிவிட்டுச் சேற்றில் இறங்குகிறான். மகள் காருக்குள் இருந்து பார்க்கிறாள். அவன் தாழ்கிறான், அவள் ஒரு சிப்ஸ் எடுக்கிறாள். அவன் கையை ஆட்டுகிறான், அவள் உப்புப் பட்ட விரலை நக்குகிறாள். கதவைத் திறக்கலாம் என்று அவளுக்குத் தெரியும். திறந்தால் சிப்ஸ் ஆறிவிடும். கடைசிச் சிப்ஸை அவள் விழுங்கும்போது சேறு மறுபடியும் மட்டமாகிவிடுகிறது, அங்கே ஒருவரும் ஒருநாளும் நடந்ததே இல்லை என்பதுபோல. அவளுக்கு, நீ எழுதினபடி, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நிம்மதி. நிம்மதி! அந்தச் சொல்லை அகராதியில் இரண்டு தரம் பார்த்தேன், வேறு பொருள் ஏதாவது இருக்கும் என்று. என்னைச் சாகடித்தது பெரிய விசயமில்லை, பிள்ளை. நல்லாகச் சாகடித்திருக்கிறாய். பின்சீட்டில் இருந்த அந்தச் சின்ன முகத்துக்குப் பின்னால் அப்படி ஒரு அமைதி இருந்தது, நான் கண்ணாடியில் நெற்றியை மட்டும் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன் என்பதைத்தான் விழுங்க முடியவில்லை.

ஆகவே ஊருக்கு நான் இவற்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. வாசகர்களை நடுங்கவைக்கிற இந்த எழுத்தாளர் விட்டில்பூச்சிக்குப் பயம். குளியலறையில் வேட்டா என்கிற இந்த நாட்டுப் பெருவிட்டில் ஒன்று வந்ததற்கு பாட்டனி டவுன்ஸிலிருந்து தொலைபேசி எடுத்து, நான் இந்த நகரத்தைக் குறுக்கறுத்து வந்து தும்புத்தடியால் அதை வெளியேற்றும்வரை கட்டிலில் ஏறி நின்றவர். மனிதர் இல்லாத வெளியைப் பற்றிய கதைகளை அவர் எழுதியது கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஜன்னலடியில், அம்மா கட்டிக்கொடுத்த புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டு. மாப்பிள்ளை ஆனந்தனுக்கு என் அறிவுரை: இந்த எழுத்தாளர் பேசாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தால் ரசிக்கிறார் என்று நம்பாதீர். காரில் சிப்ஸ் வாங்கிக்கொடுத்துவிட்டு இறங்காதீர். உனக்கும் ஒன்று: மாப்பிள்ளையின் சமையலைப் பற்றி எழுதாதே, அவர் அம்மாவைப் பற்றி எழுதவே எழுதாதே. கொல்வதாக இருந்தால் இரண்டாவது புத்தகத்தில் வைத்துக்கொள். முதல் புத்தகத்திலேயே எல்லாரையும் முடித்துவிட்டால் பிறகு யார் இருக்கிறது?

நீ சொல்லப்போவது தெரியும். யார் முதலில் தொடங்கியது என்று கேட்பாய். உன் பல் விழுந்தது, நீ பள்ளிக்கூட நாடகத்தில் மரமாக நின்று அழுதது, நீ பெரியபிள்ளையானபோது சாமத்தியச் சடங்கில் தலைப்பாகை கட்டின மாமா கீழே விழுந்தது எல்லாம் என் பத்தியில் வந்தது உண்மைதான். நீ ஒருநாள் அழுதுகொண்டு வந்து, அதை எழுதவேண்டாம் என்று சொன்னதையும் அடுத்த இதழில் எழுதினேன். சனம் நல்லாகச் சிரித்தது. இப்போது என் முறை வந்திருக்கிறது, சனம் சிரிக்கிறது, எனக்கு அந்தச் சிரிப்பு அவ்வளவு ருசியாக இல்லை. இதில் பாடம் ஏதாவது இருந்தால் நீயே எடுத்துக்கொள், எனக்கு நேரமில்லை, பக்கம் முடிகிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. மணவறையை விட்டு இறங்கினபிறகு, அம்மா மைக்கைத் துடைத்து மேசையில் வைத்தபிறகு, நீ எடுத்துச் சொல்லு: அந்தத் தட்டையான நிலம் என் அப்பா எனக்குக் காட்டினது. அதைச் சொன்னால் போதும். சேற்றை நான் மன்னித்துவிடுவேன்.

வழக்கம்போல இதையும் பிழை பார்க்க அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குசினி மேசையில் இருந்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை வாசித்தாள். ஓரிடத்திலும் சிரிக்கவில்லை. இரண்டு இடத்தில் ஒற்றுப் போட்டாள். பிறகு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

“இஞ்சேருங்கோ, அந்தக் குளிசை குடிச்சா அவள் பிறகு வீட்டுக் கேற்றடியிலதான் கண் முழிப்பாள். ஹவுராக்கியும் தெரியாது, மாங்கரேயும் தெரியாது. எல்லாம் நான் ராவில அவளைப் படுக்கப்போடேக்க சொன்ன கதையள். அண்டைக்குச் சிப்ஸ் சாப்பிட்டதும் நான்தான்.”